டிக்கிக்குள் ஒரு வில்லுப்பாட்டுக் குடம்

காரின் டிக்கியில் சப்-வூஃபர், அதாவது 'பேஸ்' எனப்படும் தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கர், பொருத்த வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வாட்?" என்றுதான். "பெட்டி எத்தனை லிட்டர்?" என்று கேட்பவர் அரிது. பேஸ் ஒலியின் தரமோ ஸ்பீக்கரைப் பொருத்தும் அந்தப் பெட்டிக்குள் அடைபடும் காற்றைப் பெரிதும் நம்பியிருக்கிறது.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னே நகரும்போது எதிரிலுள்ள காற்று அழுந்துகிறது. அதே கணத்தில் பின்னாலுள்ள காற்று தளர்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு 12 அங்குல ஸ்பீக்கரின் விளிம்பு ஒரு தடையே இல்லை. பின்னாலிருந்து வளைந்து வரும் அலை முன்னலையை அழித்துவிடுகிறது. பெட்டியில்லாத சப்-வூஃபர் எவ்வளவு துடித்தாலும் பேஸ் எழாதது இதனால்தான்.

மூடிய பெட்டி அந்தப் பின்னலையை உள்ளேயே அடைத்து வைக்கிறது. 12 அங்குல ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு 30 லிட்டரை ஒட்டிய கொள்ளளவு போதும். துல்லியமான அளவு ஸ்பீக்கருடன் வரும் விவரத்தாளில் இருக்கும். வெளியே திறக்கும் குழாய் வைத்த பெட்டி இன்னும் சுவையானது. நெல்லைச் சீமையின் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக் குடத்தின் வாயில் தட்டும்போது 'கும்' என்று எழுகிறதே, அதே இயற்பியல்தான். உள்ளேயுள்ள காற்று அமுங்கி மீள, வாய்ப்பகுதிக் காற்று ஒரே பொருளாக முன்னும் பின்னும் ஆடுகிறது. இத்தகைய ஒத்ததிர்வை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார். பெட்டியின் கொள்ளளவும் குழாயின் நீளமும் குறுக்களவும் சேர்ந்து அந்தச் சுருதியை நிர்ணயிக்கின்றன. அதற்கும் கீழான ஒலிகளில் கூம்புக்குக் காற்றின் பிடிமானம் இல்லாமல் போகும். சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் சேதமடையும். எனவே மிகத் தாழ்ந்த ஒலிகளை வடிகட்டும் அமைப்பை ஆம்ப்ளிஃபயரில் அவசியம் இயக்கி வையுங்கள்.

காரும் தன் பங்குக்கு உதவுகிறது. அலைநீளம் காரின் உள்வெளியைவிட மிக நீண்டுவிட்டால், உள்ளேயுள்ள காற்று முழுவதும் ஒன்றாக அழுந்தித் தளர்கிறது. வீட்டு அறையில் கிடைக்காத ஆழம் காருக்குள் கிடைப்பது இப்படித்தான். கண்ணாடியை இறக்கிப் பாருங்கள், அந்த ஆழம் குறையும்.

மின்சாரத்தில் சிக்கனம் கூடாது. 500 வாட் வெளியிடும் ஆம்ப்ளிஃபயர் உச்சத்தில் 45 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். தடித்த, முழுச் செப்புக் கம்பி வேண்டும். செப்பு பூசிய அலுமினியத்துக்கு மின்தடை அதிகம். ஃபியூஸ் பேட்டரிக்கு அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். டிக்கி அருகே வைத்தால், வழியில் கம்பி உரசிக் காரின் உடலைத் தொடும்போது தீயைத் தடுக்க அது உதவாது. எர்த் கம்பியைப் பெயிண்ட் சுரண்டிய இரும்பில் குட்டையாக முடுக்குங்கள்.

பாளையங்கோட்டை மே மாத வெயிலில் நிற்கும் காரின் டிக்கி அடுப்பாகக் கொதிக்கும். ஆம்ப்ளிஃபயரைக் கம்பளத்துக்குள் புதைக்காமல், சுற்றிலும் காற்று போக இடம் விடுங்கள். இல்லையென்றால் சூட்டுப் பாதுகாப்பு இயங்கி, பாட்டு பாதியில் நின்றுவிடும். பெட்டியைப் போல்ட் போட்டுத் தரையோடு இறுக்குவதும் கட்டாயம்: நான்குவழிச் சாலையில் திடீரென்று பிரேக் போட்டால், கட்டப்படாத 20 கிலோ பெட்டி பின்னிருக்கையை நோக்கித்தான் பாயும்.