செயின்ட் ஜார்ஜ் டே: தேசிய தினமா, திருநாளா?

ஏப்ரல் 23ஐ ‘இங்கிலாந்தின் தேசிய தினம்’ என்று தமிழில் எழுதுகிறோம். சில இடங்களில் அது ‘பிரிட்டனின் தேசிய தினம்’ என்றும் ஆகிவிடுகிறது. இரண்டாவது தவறு: பிரிட்டனில் இங்கிலாந்து ஒரு பகுதி மட்டும்தான். முதலாவதைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அதைப் படித்ததும் நம் மனத்தில் கொடியேற்றம், அணிவகுப்பு, பள்ளியில் மிட்டாய், அரசு விடுமுறை எல்லாம் வரிசையாக வந்துவிடும். இங்கிலாந்தில் அன்றைக்குப் பெரிதாக அப்படி எதுவும் கிடையாது. சட்டப்படி அது சாதாரண வேலை நாள். வங்கி திறந்திருக்கும், அலுவலகம் நடக்கும். நாட்காட்டியைப் பார்க்காவிட்டால் அப்படி ஒரு நாள் வந்து போனதே பலருக்குத் தெரியாது.

ஆங்கிலேயர்கள் இந்த நாளைச் சொல்வது ‘செயின்ட் ஜார்ஜஸ் டே’ என்றுதான். அதாவது புனித ஜார்ஜின் நாள். ‘தேசிய தினம்’ என்பது அதற்கான மொழிபெயர்ப்பு அல்ல, விளக்கம். நம் ஊர்ச் சொல்லில் இதற்கு மிக நெருக்கமானது பங்குத் திருவிழாதான். ஒவ்வொரு பங்குக்கும், அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த வட்டாரத்துக்கும், பாதுகாவலராக ஒரு புனிதர் இருப்பார், அவருடைய நாளில் கொடியேற்றித் தேர் இழுப்பார்கள். இங்கிலாந்து என்ற பெரிய பங்குக்குப் பாதுகாவலர் ஜார்ஜ். தேர் மட்டும் இல்லை.

தேசிய நாள் என்று ஒன்று முறையாக உருவாகாததற்குக் காரணம் எளிது. பெரும்பாலான நாடுகளின் தேசிய நாள் விடுதலை, புரட்சி, குடியரசு ஆனது என்று ஏதோ ஒரு தேதியில் போய் நிற்கும். இங்கிலாந்து யாரிடமிருந்தும் விடுதலை வாங்கவில்லை. மற்றவர்கள்தான் அதனிடமிருந்து வாங்கினார்கள். 1707இல் ஸ்காட்லாந்தோடு சேர்ந்த பிறகு அது தனி அரசாகவும் இல்லை. பிரிட்டன் முழுமைக்கும் பொதுவான தேசிய நாளும் கிடையாது. வெளிநாடுகளில் இருக்கும் பிரிட்டிஷ் தூதரகங்கள் மன்னரின் பிறந்தநாள் விருந்தை வைத்துச் சமாளிக்கின்றன. அதுவும் உண்மையான பிறந்தநாள் அல்ல: சார்லஸ் பிறந்தது நவம்பர் 14, அதிகாரபூர்வக் கொண்டாட்டம் ஜூனில்.

நமக்கு இதில் ஒரு கூடுதல் குழப்பம் உண்டு. தமிழ்நாட்டில் ‘ஆங்கிலேயர் ஆட்சி’ என்றால் பிரிட்டிஷ் ஆட்சி, ‘இங்கிலாந்து பிரதமர்’ என்றால் பிரிட்டிஷ் பிரதமர். இலங்கைத் தமிழர்கள் ‘பிரித்தானியா’ என்று எழுதுவதால் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் பாதுகாவலர் அந்திரேயா, நாள் நவம்பர் 30. வேல்ஸுக்குத் தாவீது, மார்ச் 1. அயர்லாந்துக்குப் பத்திரிசியார், மார்ச் 17. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் அந்தந்த நாள் விடுமுறை. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இல்லை. 2017 தேர்தலில் ஜெரமி கார்பின் தலைமையிலான தொழிற்கட்சி நான்கு நாட்களையும் நாடு முழுக்க விடுமுறை ஆக்குவோம் என்று வாக்குறுதி கொடுத்தது. ஆட்சிக்கு வரவில்லை, விடுமுறையும் வரவில்லை.

சரி, ஜார்ஜ் யார்? மரபுக் கதைப்படி அவர் ரோமானியப் படைவீரர். டயோக்ளீசியன் பேரரசர் காலத்தில், கி.பி. 303 வாக்கில், கிறிஸ்தவத்தைக் கைவிட மறுத்ததால் கொல்லப்பட்டவர். குடும்பம் இன்றைய துருக்கியில் உள்ள கப்படோக்கியாவைச் சேர்ந்தது. கல்லறை இருப்பதாகச் சொல்லப்படுவது இன்றைய இஸ்ரேலின் லோத் நகரில். இங்கிலாந்தில் அவர் கால் வைத்ததே இல்லை. ‘எங்கள் தேசியப் புனிதர் ஒரு வெளிநாட்டுக்காரர்’ என்று ஆண்டுதோறும் யாராவது ஒருவர் அங்கே நகைச்சுவை செய்வார்.

பெயர் கிரேக்கம். ‘கே’ என்றால் மண், ‘எர்கோன்’ என்றால் வேலை. மண்ணில் வேலை செய்பவர், அதாவது உழவர். இது சிரியாக் மொழியில் கீவர்கீஸ் ஆனது, அங்கிருந்து மலையாளக் கரைக்கு வந்து வர்கீஸ் ஆனது. ஆக ஜார்ஜும் வர்கீஸும் ஒரே பெயர். கேரளத்தில் எடத்துவா, புதுப்பள்ளி ஊர்களின் ஜார்ஜ் தேவாலயங்களில் மே மாதத் தொடக்கத்தில் நடக்கும் பெருநாட்கள் பெயர்பெற்றவை. எடத்துவாவுக்குக் கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து பெருங்கூட்டம் போகும். அந்தக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இங்கிலாந்தின் ஏப்ரல் 23 சப்பென்றுதான் இருக்கும்.

இங்கிலாந்து அவரைத் தத்தெடுத்தது போரினால். முதலில் அந்த இடத்தில் இருந்தவர்கள் உள்ளூர் அரசர்கள்: டேனியர்களால் கொல்லப்பட்ட எட்மண்ட், பிறகு எட்வர்ட் என்னும் பக்திமான். சிலுவைப் போர்களுக்குப் போய்வந்தவர்கள் படைவீரர்களின் புனிதரான ஜார்ஜைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாம் எட்வர்ட் 1348 வாக்கில் ‘ஆர்டர் ஆஃப் தி கார்ட்டர்’ என்ற வீரர் குழுவைத் தொடங்கியபோது அதற்கு ஜார்ஜைப் பாதுகாவலராக வைத்தார். 1415இல் அஜின்கோர்ட்டில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த கையோடு, கான்டர்பரி பேராயர் சிச்செலி அவருடைய நாளைப் பெருந்திருநாளாக உயர்த்தினார். கிறிஸ்துமஸுக்கு இணையான மதிப்பு! அப்புறம் இங்கிலாந்துச் சபை ரோமிலிருந்து பிரிந்த சீர்திருத்த காலத்தில் புனிதர் திருநாட்கள் பலவும் அடிபட்டன. ஜார்ஜ் பெயரளவில் தப்பினார், கொண்டாட்டம் மெல்லத் தேய்ந்தது.

இன்றைய கொண்டாட்டம் சிதறல்தான். தேவாலயக் கோபுரங்களில் வெள்ளையில் சிவப்புச் சிலுவை போட்ட கொடி பறக்கும். சிலர் சட்டையில் சிவப்பு ரோஜா குத்திக்கொள்வார்கள். பப்களில் தோரணம். சாரணர்களுக்கும் ஜார்ஜ்தான் பாதுகாவலர் என்பதால் ஒட்டிய ஞாயிறுகளில் சிறுவர்கள் ஊர்வலம் போய் உறுதிமொழியைப் புதுப்பிப்பார்கள். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் மேயர் அலுவலகம் உணவும் இசையுமாக ஒரு விழா நடத்துகிறது. இவ்வளவு இருந்தும், அதே ஊர்களில் மார்ச் 17 அன்று பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு ஐரிஷ்காரர்களின் பத்திரிசியாருக்குக் குடிக்கும் கூட்டம்தான் பெரிது.

இந்தத் தயக்கத்துக்குக் கொடி ஒரு முக்கியக் காரணம். 1966 உலகக் கோப்பைப் படங்களில் இங்கிலாந்து ரசிகர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் பிரிட்டன் கொடி. 1996 ஐரோப்பியக் கோப்பையில்தான் ஜார்ஜ் சிலுவை அரங்கத்தை நிறைத்தது. கால்பந்து நடக்கும்போது அதை யாரும் தவறாக நினைப்பதில்லை. மற்ற நாட்களில், தீவிர வலதுசாரிகள் தூக்கிப் பிடித்த கொடி என்ற நினைப்பு பலருக்கு உண்டு. 2014இல் ராச்செஸ்டர் இடைத்தேர்தலின்போது தொழிற்கட்சியின் எமிலி தோர்ன்பெரி ஒரு வீட்டின் படத்தை ட்விட்டரில் போட்டார். வீட்டின் முன்னால் மூன்று ஜார்ஜ் கொடிகள், வாசலில் ஒரு வெள்ளை வேன், அங்கே அது கைத்தொழிலாளர்களின் அடையாளம். ‘ராச்செஸ்டரிலிருந்து ஒரு படம்’ என்பதற்கு மேல் அவர் எதுவும் எழுதவில்லை. உழைக்கும் மக்களை ஏளனம் செய்கிறார் என்று கிளம்பிய புயலில் அன்றே எதிர்க்கட்சியின் நிழல் அமைச்சரவைப் பதவியை விட்டு விலகினார். கொடியைப் பறக்கவிட்டாலும் பேச்சு, பறக்கவிட்டவரைப் பார்த்தாலும் பேச்சு என்றால் சாமானியர் ஒதுங்கத்தானே செய்வார்?

இனி தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். ‘செயின்ட்’ என்பதற்குத் தமிழில் குறைந்தது மூன்று சொற்கள் புழங்கியிருக்கின்றன. பழைய கத்தோலிக்க நூல்களில் ‘அர்ச்சியசிஷ்ட’, சுருக்கமாக ‘அர்ச்.’ சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையினர் வழக்கில் ‘பரிசுத்த’. இப்போது பரவலாக ‘புனித’. யாழ்ப்பாணத்தில் இந்த வேறுபாடு பள்ளிப் பெயர்களிலேயே தெரியும்: ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துச் சபை) மரபில் வந்தது பரி. யோவான் கல்லூரி, கத்தோலிக்கருடையது புனித பத்திரிசியார் கல்லூரி. அந்தோனியார், சவேரியார், செபஸ்தியார் என்ற வரிசையில் கத்தோலிக்கர் வாயில் இவர் ஜார்ஜியார். பொது எழுத்துக்குப் ‘புனித ஜார்ஜ்’ போதும். சென்னைக்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. தலைமைச் செயலகம் இருக்கும் புனித ஜார்ஜ் கோட்டைக்கு இந்தப் பாதுகாவலர் பெயரைத்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வைத்தார்கள்.

‘பேட்ரன் செயின்ட்’ என்பதைப் ‘புரவலர் துறவி’ என்று பெயர்ப்பது இரண்டு பக்கமும் இடறும். புரவலர் என்றால் பொருள் கொடுத்து ஆதரிப்பவர், புலவர்களுக்கு வள்ளல். ஜார்ஜ் யாருக்கும் பொற்கிழி கொடுக்கவில்லை. துறவியும் அல்ல, படைவீரர். தேவாலயத் தமிழில் ஏற்கெனவே இருக்கும் ‘பாதுகாவலர்’ கச்சிதமான சொல். ஆக, செய்தியில் எழுதும்போது ‘புனித ஜார்ஜ் நாள்’ என்று போட்டு, பக்கத்தில் ‘இங்கிலாந்தின் பாதுகாவலர் நாள்’ என்று விளக்கலாம். வழிபாட்டைப் பற்றி என்றால் ‘புனித ஜார்ஜ் திருநாள்’. இந்த வேறுபாட்டுக்குத் தேவையும் உண்டு. ஏப்ரல் 23 புனித வாரத்திலோ ஈஸ்டர் வாரத்திலோ விழுந்தால் சபை திருநாளைத் தள்ளிவைக்கும். 2019இல் ஏப்ரல் 29க்கும், 2025இல் ஏப்ரல் 28க்கும் போனது. கொடியும் பப்பும் மட்டும் 23ஐ விட்டு நகர்வதில்லை.

கடைசியாக, அவர் குத்திக் கொன்றதாகச் சொல்லும் டிராகன். மூலக் கதையில் அது கிடையாது. லிபியாவில் நடந்ததாக அமைந்த அந்த நிகழ்ச்சி ஐரோப்பா முழுக்கப் பரவியது 13ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட புனிதர் கதைத் திரட்டு ஒன்றின் மூலம். பழைய தமிழ் வேதாகமத்தின் வெளிப்படுத்தின விசேஷத்தில் இந்த மிருகம் ‘வலுசர்ப்பம்’. கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் ‘அரக்கப் பாம்பு’. எனக்குப் பிடித்தது வலுசர்ப்பம். ஆனால் ஓவியங்களில் ஜார்ஜின் குதிரைக்கடியில் கிடக்கும் அந்தப் பிராணிக்குப் பெரும்பாலும் இறக்கையும் காலும் உண்டு. அதனால் படத்தோடு எழுதும்போது டிராகன் என்றே விட்டுவிடுவது நல்லது.