பழைய கம்பெனி சைன் போடலைனா பிஎஃப் பணம் வராதா?

"நோட்டீஸ் பீரியட் முடிக்காம போயிட்டீங்க, அந்தக் காச கட்டுங்க, அப்புறம் பிஎஃப்புக்கு சைன் போடுறோம்"னு ஹெச்ஆர் சொல்லிட்டாங்கன்னு பயந்துபோய் வர்றவங்கள இந்த பிஎஃப் கன்சல்டன்ட் வேலைல இன்னமும் பாத்துட்டுதான் இருக்கேன். பிஎஃப் பணம் கம்பெனி கைலயே இல்லைங்க, பிஎஃப்ப நடத்துற மத்திய அரசு அமைப்பான ஈபிஎஃப்ஓல உங்க பேர்ல கிடக்கு. நீங்க யாருக்கு கடன்பட்டிருந்தாலும் அதுக்காக பிஎஃப்ல கை வைக்க முடியாதுன்னு 1952 பிஎஃப் சட்டத்தோட 10ஆவது பிரிவே சொல்லுது. நோட்டீஸ் பே தகராறு தனி, இது தனி.

2017லயே ஆதார் வச்சு போடுற காம்போசிட் கிளெய்ம் ஃபார்ம் (பணம் கேக்குற பொது விண்ணப்பம்) வந்தாச்சு, அதுக்கு முதலாளி கையெழுத்து தேவையில்ல. யூஏஎன்ல (உங்க பிஎஃப் கணக்கு நம்பர், கம்பெனி மாறினாலும் இது மாறாது) ஆதார், பான், பேங்க் அக்கவுண்ட் மூணும் வெரிஃபை ஆகியிருந்தா வீட்ல உக்காந்தே ஆன்லைன்ல போட்டுடலாம். பேங்க் அக்கவுண்ட் சேக்க கம்பெனி அப்ரூவல் வேணும்னு ஒரு தொல்லை இருந்துச்சு, 2025 ஏப்ரல்ல அதையும் தூக்கிட்டாங்க.

நிஜமா மாட்டுறது எங்கன்னா டேட் ஆஃப் எக்ஸிட்ல, அதாவது வேலைய விட்ட தேதில. கம்பெனி அத போடாம விட்டா சிஸ்டத்த பொறுத்தவரைக்கும் நீங்க இன்னும் அங்கதான் வேலை பாக்குறீங்க, ஃபைனல் செட்டில்மென்ட் ஆப்ஷனே வராது. இதுக்குப் போய் பழைய ஆபீஸ் வாசல்ல நிக்க வேணாம், கடைசியா காசு கட்டுன மாசத்துல இருந்து ரெண்டு மாசம் கழிச்சு ஈபிஎஃப்ஓ மெம்பர் போர்டல்ல (உறுப்பினர் வெப்சைட்) மேனேஜ், மார்க் எக்ஸிட் போய் ஓடிபி வச்சு நீங்களே போடலாம், 2020ல இருந்தே இந்த வசதி இருக்கு. தேதி அந்த கடைசி மாசத்துக்குள்ள இருக்கணும், இஷ்டத்துக்கு ஒன்ன அடிச்சுட்டா திருத்த அலையணும், அதனால ரிலீவிங் லெட்டர் இல்லன்னா கடைசி பேஸ்லிப்ப பக்கத்துல வச்சுகிட்டு போடுங்க.

பிஎஃப் பணத்த முழுசா எடுக்குற ஃபார்ம் 19 மட்டும் போட்டுட்டு ஃபார்ம் 10சிய மறந்துடுறாங்க. பென்ஷனுக்குன்னு கட்டுன பங்கு 10சிலதான் வரும், 10 வருஷத்துக்கு கம்மியா சர்வீஸ் இருந்தா கேக்கலாம். மொத்த சர்வீஸ் 5 வருஷம் ஆகாம 50,000 ரூபாய்க்கு மேல எடுத்தா 10% டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கிற வருமான வரி) புடிப்பாங்க, பான் இல்லன்னா இன்னும் ஜாஸ்தி. முழுப்பணம் எடுக்க ரெண்டு மாசம் வேலையில்லாம இருந்தா போதும்னு இருந்தத 12 மாசமா மாத்த 2025 அக்டோபர்ல ஈபிஎஃப்ஓ போர்டு முடிவு பண்ணுச்சு, 75% உடனே எடுக்கலாம்னும் சொல்லியிருக்காங்க, அதனால அப்ளை பண்ற அன்னைக்கு என்ன ரூல் ஓடுதுன்னு ஒரு தடவ பாத்துக்கோங்க. வேற கம்பெனில சேந்துட்டீங்கன்னா எடுக்காதீங்க, புது கம்பெனி கணக்குக்கு டிரான்ஸ்ஃபர் போடுங்க, அதான் என் கருத்து.

இதெல்லாம் கம்பெனி பிஎஃப் காச கட்டியிருந்தாதான். சிலருக்கு பிஎஃப் பாஸ்புக்க தொறந்தா சில மாசம் காலியா இருக்கும், சம்பளத்துல மட்டும் புடிச்சிருப்பாங்க, அது கிரிமினல் குத்தம். பேஸ்லிப், சம்பளம் ஏறுன பேங்க் ஸ்டேட்மென்ட் ரெண்டையும் வச்சு ஈபிஎஃப்ஓவோட புகார் சைட்டான ஈபிஎஃப்ஐஜிஎம்எஸ்ல கம்ப்ளெய்ன்ட் போடுங்க, விசாரணை வச்சு வசூல் பண்ற அதிகாரம் பிஎஃப் ஆபீஸுக்கு இருக்கு. கம்ப்ளெய்ன்ட்ல கம்பெனியோட எஸ்டாப்ளிஷ்மென்ட் ஐடிய (கம்பெனியோட பிஎஃப் பதிவு நம்பர்) கண்டிப்பா போடுங்க, உங்க பாஸ்புக்லயே இருக்கும்.