கடைசி வரி சொல்லாதது: ஸ்கிரிப்ட் பிழைகளை எப்படிப் படிப்பது?

கல்லூரி இறுதியாண்டில் பயிலும் வாசகி ஒருவர் சென்ற வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் ரியாக்ட் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைக் கொண்டு எழுதப்பட்ட செயல்திட்டம் ஒன்றைத் தம்முடைய புதிய மடிக்கணினியில் இறக்கி, அதைத் தொகுப்பதற்காக ‘யார்ன் பில்ட்’ என்று கட்டளை கொடுத்திருக்கிறார். திரை நிறையப் பிழை வரிகள் ஓடி, இறுதியில் ‘கமாண்ட் ஃபெயில்ட் வித் எக்ஸிட் கோட் 1’ என்று வந்து நின்றது. தோழிகளின் யோசனைப்படி, செயல்திட்டம் சார்ந்திருக்கும் பிறருடைய நிரல் பொதிகள் இருக்கும் ‘நோட் மாட்யூல்ஸ்’ கோப்புறையை அழித்துவிட்டு எல்லாப் பொதிகளையும் மீண்டும் நிறுவினார். மூன்று முறை செய்தும் பயனில்லை. “யார்னில் என்ன கோளாறு? என்பிஎம்முக்கு மாறினால் சரியாகுமா?” என்பது அவருடைய கேள்வி.

இத்தகைய பொதிகளை நிறுவி நிர்வகிக்கும் என்பிஎம், யார்ன், பிஎன்பிஎம் ஆகிய மூன்று பொதி மேலாளர்களும் ஒரு ஸ்கிரிப்டை, அதாவது பெயரிட்டு எழுதி வைத்த கட்டளையை, ஓட்டும் முறை அடிப்படையில் ஒன்றே. ஆகவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதால் இத்தகைய பிழை பெரும்பாலும் தீராது. ‘பேக்கேஜ்.ஜேசன்’ கோப்பில் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் ‘பில்ட்’ என்ற பெயருக்கு எதிரே ஒரு கட்டளை எழுதப்பட்டிருக்கும். பொதி மேலாளர் அந்த வரியை எடுத்து, கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலான ஷெல்லிடம் அப்படியே கொடுக்கிறது. அது வழக்கமாக லினக்ஸிலும் மேக்கிலும் ‘எஸ்ஹெச்’, விண்டோஸில் ‘சிஎம்டி’. அதன் பிறகு பொதி மேலாளர் செய்யும் வேலை காத்திருப்பது மட்டுமே. கடைசி வரி, காத்திருந்தவர் கொண்டுவந்த செய்தி. தவறு நடந்த இடம் அதற்கு மேலே எங்கோ இருக்கிறது. என்பிஎம்மின் பழைய பதிப்புகள் இதை வெளிப்படையாகவே எழுதின: இது என்பிஎம்மின் சிக்கலாக இருக்க வாய்ப்பில்லை, மேலே கூடுதல் தகவல் இருக்கக்கூடும் என்று. அந்த வரியை எத்தனையோ பேர் படிக்காமலே கடந்து போனார்கள் என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

ஷெல்லிடம் வேலையைக் கொடுப்பதற்கு முன் பொதி மேலாளர் செய்யும் ஓர் ஏற்பாட்டை மட்டும் சொல்லியாக வேண்டும். ‘பாத்’ என்னும் சூழல் மாறியில், கட்டளைகளைத் தேட வேண்டிய கோப்புறைகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அந்த வரிசையின் முன்னால், செயல்திட்டத்தின் ‘நோட் மாட்யூல்ஸ்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘.பின்’ என்ற உட்கோப்புறையை அது சேர்த்துவிடுகிறது. கோப்புகளை ஒன்றுசேர்த்துத் தொகுக்கும் கருவியான ‘வெப்பேக்’கின் பெயரை முனையத்தில் நேரடியாகத் தட்டினால் அப்படியொரு கட்டளை இல்லை என்று வருவதும், அதே சொல் ஸ்கிரிப்டுக்குள் இருந்தால் ஓடுவதும் இதனால்தான். உருவாக்கச் சேவையகங்களில் ‘நோட் என்வ்’ மாறி ‘புரொடக்‌ஷன்’ என்று வைக்கப்பட்டிருந்தால், மேம்பாட்டுக்கான சார்புப் பொதிகளை என்பிஎம் நிறுவாது, அப்போது ‘.பின்’னுக்குள் வெப்பேக் இருக்காது, நம் கணினியில் ஓடிய ஸ்கிரிப்ட் அங்கே கட்டளையே கிடைக்காமல் விழுந்துவிடும்.

இனி அந்த ‘எக்ஸிட் கோட்’. இதை முடிவெண் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சேய்ச் செயல்முறை (இன்னொரு நிரல் தொடங்கிவைத்த நிரல்) தன் வாழ்நாளில் எத்தனை மெகாபைட் செய்திகளைத் திரையில் கொட்டினாலும், மறையும்போது தாய்ச் செயல்முறைக்கு விட்டுச்செல்வது ஒரு சிறிய எண்ணை மட்டுமே. யூனிக்ஸ் மரபில் இந்தத் தகவல் 16 பிட்டுகளுக்குள் அடங்கியது: மேல் 8 பிட்டுகளில் செயல்முறை தானாகச் சொன்ன முடிவெண், கீழ் 7 பிட்டுகளில், அது தானாக முடியாமல், ‘நிறுத்து’ என்பது போன்ற ஏதேனும் சிக்னலால் கொல்லப்பட்டிருந்தால் அந்தச் சிக்னலின் எண், மிச்சமுள்ள ஒரு பிட்டில், இறந்த நேரத்து நினைவகம் கோப்பாகச் சேமிக்கப்பட்டதா என்ற குறிப்பு. தானாக முடிந்ததா, கொல்லப்பட்டதா என்ற வேறுபாட்டை இவ்வளவு சிறிய இடத்தில் பிரித்து வைத்த அந்த வடிவமைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை. முடிவெண்ணுக்கு 8 பிட்டுகளே உள்ளன என்பதால் 0 முதல் 255 வரையில்தான் சொல்ல முடியும். யாராவது தம் நிரலில் பிழைகளின் எண்ணிக்கையையே முடிவெண்ணாகத் திருப்பி, பிழைகள் சரியாக 256 ஆகிவிட்டால், தாய்க்குப் போய்ச் சேருவது 0. பூஜ்யம் என்றால் வெற்றி.

சிக்னலால் இறந்த செயல்முறையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்போது ஷெல் 128 உடன் சிக்னல் எண்ணைக் கூட்டித் தன் முடிவெண்ணாகத் தருகிறது. ஆகவே 137 என்று கண்டால் 128ஐக் கழித்துப் பாருங்கள்: 9, அதாவது தடுக்கவே முடியாத ‘சிக்கில்’, நினைவகம் தீர்ந்துபோனதால் இயங்குதளமோ கொள்கலன் மேலாண்மையோ செயல்முறையைக் கொன்றிருக்க வாய்ப்பு மிகுதி. 134 என்றால் 6, ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைக் கணினியில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸின் வி8 இயந்திரம் தனக்கு ஒதுக்கப்பட்ட ஹீப் நினைவகம் போதாமல் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும்போது இந்த எண் வரும். இரண்டுமே நினைவகச் சிக்கல்கள்தாம் என்றாலும் மருந்து வேறு: பின்னதற்கு ஹீப் வரம்பை உயர்த்தலாம், முன்னதற்கு அதை உயர்த்தினால் நிலைமை மோசமாகும். 127 என்றால் கட்டளை கிடைக்கவில்லை. மேலே சொன்ன ‘.பின்’ கோப்புறையைப் பாருங்கள். 126 என்றால் கோப்பு கிடைத்தது, ஆனால் இயக்க அனுமதி இல்லை. வெறும் 1 என்றால் கருவி ஓடத் தொடங்கி, தானே ஏதோ ஒரு தவறைக் கண்டு நின்றிருக்கிறது. எண் அதற்கு மேல் எதுவும் சொல்லாது, கருவியின் வார்த்தைகளைத்தான் படிக்க வேண்டும்.

இந்த எண் பொய்யாகிப் போகும் இடமும் உண்டு. ஒரு கட்டளையின் வெளியீட்டைக் குழாய்க் குறி (|) வழியாக ‘டீ’ கட்டளைக்கு அனுப்பிக் கோப்பில் பதிவு செய்வது பலருடைய வழக்கம். குழாயின் முடிவெண் என்பது கடைசிக் கட்டளையின் முடிவெண்ணே. டைப்ஸ்கிரிப்ட் தொகுப்பி நூறு பிழைகளோடு விழுந்தாலும் ‘டீ’ தன் பணியைச் சரியாகவே முடித்திருக்கும், பொதி மேலாளருக்கு 0 என்ற செய்தியே போகும். இதைவிட ஆபத்தான நிலை கிடையாது என்பது என் கருத்து. உரக்கக் கத்தும் பிழையைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம்.

விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் இடையில் எழும் சிக்கல்கள் பெரும்பாலும் ஷெல்களின் இலக்கண வேறுபாடுகளே. ஒற்றை மேற்கோளை ‘சிஎம்டி’ மேற்கோளாகக் கருதாது. கட்டளைக்கு முன் சூழல் மாறியை எழுதும் வழக்கமும் அதற்குப் புரியாது. எந்த நிரலால் இயக்க வேண்டும் என்று ஸ்கிரிப்ட் கோப்பின் முதல் வரி சொல்லும்; விண்டோஸில் சேமித்தால் அந்த வரி முடிவில் ஒட்டிக்கொள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்துக்குறியால், லினக்ஸ் ‘நோட்’ என்ற நிரலைத் தேடாமல், அந்தக் குறியும் சேர்ந்த பெயருடைய, இல்லாத ஒரு நிரலைத் தேடும்.

இப்போது அந்தப் பரிகாரத்துக்கு வருகிறேன். பரிகாரம் என்ற சொல்லை ஆராய்ந்தே பயன்படுத்துகிறேன். கோப்புறையை அழித்து மீண்டும் நிறுவுவது உண்மையாகவே உதவும் சூழல்கள் உண்டு: நிறுவல் பாதியில் அறுந்திருந்தால் உதவும், நோட் பதிப்பு மாறியதால், பழைய பதிப்புக்காகத் தொகுக்கப்பட்ட சி++ இணைப்புகள் பொருந்தாமல் போயிருந்தால் உதவும். காரணம் அறியாமல் செய்யும்போதுதான் அது சடங்காகிறது. பலித்தால் ஏன் பலித்தது என்று தெரியாது, பலிக்காவிட்டால் மறுபடியும் அதையே செய்யத் தோன்றும். கூடவே, நிறுவிய பதிப்புகளைக் குறித்து வைக்கும் பூட்டுக் கோப்பையும் அழித்துவிட்டால் சார்புப் பொதிகளின் பதிப்புகள் சத்தமில்லாமல் நகர்ந்து, பழைய பிழையின் மீது புதிய பிழை குவியும். கணிப்பொறி வகுப்புகளில் நிரலெழுதக் கற்றுக்கொடுக்கும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது பிழைச் செய்தியைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு ஒதுக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பிழையைப் படித்த ஒருவரால் என்ன நடந்தது என்பதற்கு 2018 ஜூலை 12 ஒரு சான்று. பொதி மேலாளர்கள் ஒரு பொதியை நிறுவும்போது, அதன் ஆசிரியர் எழுதிய ‘போஸ்ட்இன்ஸ்டால்’ ஸ்கிரிப்டையும் ஓட்டும் வழக்கம் உண்டு. பராமரிப்பாளர் ஒருவரின் கணக்கைக் கைப்பற்றிய யாரோ ஒருவர், மிகப் பரவலாகப் பயன்படும் ‘ஈஎஸ்லின்ட்-ஸ்கோப்’ பொதியின் 3.7.2 பதிப்பாக ஒரு தீய ஸ்கிரிப்டைச் சேர்த்து வெளியிட்டார். அது இணையத்திலிருந்து இன்னொரு நிரலை இறக்கி இயக்கி, பயனரின் என்பிஎம் கணக்குக்குத் திறவுகோலாக இருக்கும் அடையாள வில்லையை (டோக்கன்) திருடியனுப்பும். ஆனால் இணையத்திலிருந்து தரவு துண்டு துண்டாகவே வந்து சேரும். முழு நிரலும் வரும்வரை காத்திராமல், முதல் துண்டு வந்தவுடனேயே அதை இயக்கும்படி அவர் எழுதியிருந்தார். நிரல் பாதியில் அறுந்து வந்த கணினிகளில் ‘சின்டாக்ஸ் எரர்’ எழுந்தது, முடிவெண் 1, நிறுவல் நின்றது. மறுபடி ஓட்டிப் பார்த்திருந்தால் ஒருவேளை நிரல் முழுதாக வந்து, பிழையின்றி நிறுவல் முடிந்து, திருட்டும் முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பிழையைக் கண்ட ஒருவர் எந்தப் பொதியின் எந்த ஸ்கிரிப்ட் விழுந்தது என்று பார்த்து, அந்தக் கோப்பைத் திறந்து படித்து, பொதுவில் அறிவித்தார். சில மணி நேரத்தில் அந்தப் பதிப்பு நீக்கப்பட்டது; அதற்கு முன் வழங்கப்பட்ட எல்லா அடையாள வில்லைகளையும் என்பிஎம் செல்லாததாக்கியது.

என்பிஎம்மில் ‘இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற அமைப்பால் இத்தகைய நிறுவல் ஸ்கிரிப்டுகளைத் தடுக்கலாம். 2025இல் வந்த பிஎன்பிஎம் 10, சார்புப் பொதிகளின் ஸ்கிரிப்டுகளை நாம் அனுமதித்தாலொழிய ஓட்டுவதில்லை. ஆகவே புதிதாகப் பிஎன்பிஎம்முக்கு மாறியவர்கள், தொகுக்கப்பட வேண்டிய பொதி ஒன்று தொகுக்கப்படாமல் கிடப்பதைக் கண்டால் முதலில் அனுமதிப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

வாசகியிடம் முழு வெளியீட்டையும் அனுப்பச் சொன்னேன். தொடக்கத்தில் டாலர் குறியோடு ‘ரியாக்ட்-ஸ்கிரிப்ட்ஸ் பில்ட்’ என்ற வரி. உண்மையில் ஓடிய கட்டளை அதுதான். அதன் கீழே ‘டிஜிட்டல் என்வலப் ரூட்டீன்ஸ், அன்சப்போர்ட்டட்’. அதற்கும் கீழே, பிழை எழுந்த இடமாக வெப்பேக்கின் ‘கிரியேட்ஹேஷ்’ கோப்பு. அந்தச் செயல்திட்டம் பயன்படுத்திய வெப்பேக் 4, கோப்புகளுக்கு அடையாளம் இட எம்டி4 என்ற பழைய ஹேஷ் முறையைக் கையாள்கிறது. 2021 அக்டோபரில் வந்த நோட் 17 முதல், உள்ளே இருக்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்னும் குறியாக்க நூலகம் 3ஆம் பதிப்புக்கு மாறியது. அதில் எம்டி4 பாதுகாப்பற்ற பழைய முறைகளோடு ஒதுக்கி வைக்கப்பட்டு, இயல்பாகக் கிடைப்பதில்லை. அவருடைய புதிய மடிக்கணினியில் இருந்தது நோட் 20. மூன்று முறை அழிக்கப்பட்ட கோப்புறைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ரியாக்ட்-ஸ்கிரிப்ட்ஸை வெப்பேக் 5ஐப் பயன்படுத்தும் 5ஆம் பதிப்புக்கு உயர்த்தினார்; பில்ட் முடிந்து, முடிவெண் 0 வந்தது.