மேலப்பாளையம் சந்தையில் இயந்திரம் விலை பேசினால்

பக்ரீத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமைகளில் மேலப்பாளையம் ஆட்டுச் சந்தை எப்படி இருக்கும் என்று நெல்லைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கிடாவின் கழுத்திலும் விலைச்சீட்டு தொங்காது. விற்பவர் மனதில் ஒரு தொகை, வாங்குபவர் மனதில் ஒரு தொகை. இரண்டு பேரும் அதை வெளியே சொல்லாமலேயே ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசினார்கள் என்றால் அதற்கும் காரணம் இதுதான். இந்த வேலையைக் கணினி நிரலிடம் ஒப்படைக்கலாமா என்ற ஆராய்ச்சி 1980களிலேயே தொடங்கிவிட்டது. கணக்குப் போடுகிற பகுதி சீக்கிரம் முடிந்தது. எதிரே நிற்கிற ஆளைப் புரிந்துகொள்கிற பகுதிதான் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். 9,000 ரூபாய்க்குக் கீழே கிடாவைக் கொடுக்க விற்பவருக்கு மனமில்லை. 11,000க்கு மேலே போக வாங்குபவருக்கு வழியில்லை. நடுவில் இருக்கும் 2,000 யாருக்கு எவ்வளவு? கணித அறிஞர் ஜான் நாஷ் 1950இல் இதற்கு ஒரு விடை சொன்னார்: இருவருக்கும் கிடைக்கும் லாபத்தைப் பெருக்குங்கள், பெருக்குத்தொகை எங்கே அதிகமோ அதுதான் நியாயமான முடிவு. 9,500 என்றால் 500ஐ 1,500ஆல் பெருக்க வேண்டும், ஏழரை லட்சம். 10,000 என்றால் ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்க, பத்து லட்சம். ஆகவே 10,000. இதற்குள் இன்னொரு வியாபாரி வந்து 9,600க்குக் கேட்டுவிட்டுப் போனால், விற்பவரின் அடிமட்டம் 9,600 ஆகிவிடும். அதே சூத்திரம் இப்போது 10,300 என்கிறது. 'வேற ஆள் கேட்டிருக்காரு' என்று சந்தையில் காரணமில்லாமல் சொல்வதில்லை.

விலை ஒன்றுதான் விஷயம் என்றால் இதோடு முடிந்தது. ஆனால் வாங்குபவர் பாளையங்கோட்டையில் மாடி வீட்டில் இருக்கிறார், பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கிறது, கிடாவைக் கட்ட இடமில்லை. அதுவரை விற்பவரே வைத்துக்கொண்டால் அவருக்குத் தீவனச் செலவு 300 ரூபாய். அந்த வசதிக்கு வாங்குபவர் 800 கூடத் தருவார். பேசினால் 500 ரூபாய் மதிப்பு புதிதாக வருகிறது, யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டாவது விஷயம் ஒன்று இருக்கிறது என்று யாராவது வாயைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறைந்திருக்கும் இந்த மதிப்புகளைக் கண்டுபிடிப்பதில்தான் நிரல்களின் திறமை இருக்கிறது. 2010 முதல் பேரம் பேசும் நிரல்களுக்கென்றே ஒரு சர்வதேசப் போட்டி நடக்கிறது. அதில் நன்றாக ஆடிய பல நிரல்கள் ஒரு எளிய உத்தியை வைத்திருந்தன: எதிராளி அடுத்தடுத்து வைக்கும் கோரிக்கைகளைக் கவனி. எதை அவர் மாற்றவே மாட்டேன் என்கிறாரோ அது அவருக்கு முக்கியம், எதைச் சுலபமாக விட்டுத்தருகிறாரோ அது அவருக்குப் பெரிதில்லை. நல்ல தரகர் கண்ணால் செய்வதை நிரல் எண்ணிக்கையால் செய்கிறது.

அதெல்லாம் எண்களாகப் பேசும் நிரல்கள். மனிதப் பேச்சில் பேரம் பேச வைக்கும் முயற்சிகளில் பேர்போனது ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் 2017இல் செய்தது. கொஞ்சம் புத்தகம், தொப்பி, பந்து. இவற்றை இருவர் பங்கிட வேண்டும். எதற்கு எவ்வளவு மதிப்பு என்பது ஆளுக்கு ஆள் வேறு, மற்றவருக்குத் தெரியாது. மனிதர்கள் நடத்திய 5,808 உரையாடல்களைக் கொடுத்து நிரலைப் பழக்கினார்கள். மனிதரை அப்படியே பின்பற்றிய நிரல் கேட்டதற்கெல்லாம் தலையாட்டியது. சரி, ஜெயிப்பதற்குப் பழக்குவோம் என்று நிரலையே நிரலோடு மோதவிட்டார்கள். அது கறாராகிவிட்டது. தனக்குத் தேவையில்லாத பொருளைத் தேவை போலக் கேட்டு, கடைசியில் பெரிய மனதோடு விட்டுக்கொடுப்பது போல நடிக்கவும் கற்றுக்கொண்டது, யாரும் சொல்லித் தராமலே. மனிதரோடு பேசவிட்டபோது என்ன ஆயிற்று? அதன் பிடிவாதம் பொறுக்காமல் சிலர் பேரமே வேண்டாம் என்று எழுந்து போனார்கள்.

(அந்த நிரல்கள் ரகசிய மொழி ஒன்றை உருவாக்கியதால் பயந்துபோய் நிறுத்திவிட்டார்கள் என்று அப்போது செய்தி பரவியது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பழகியபோது ஆங்கிலம் சிதைந்து உளறலானது, அவ்வளவே. ஒரு பக்கத்தை மாறாமல் நிறுத்திவைத்துச் சரிசெய்தார்கள்.)

மனிதர் ஏன் நஷ்டப்பட்டாவது எழுந்து போகிறார்கள்? ஜெர்மனியில் 1982இல் நடந்த ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. ஒருவரிடம் கொஞ்சம் பணம். அதில் ஒரு பங்கை இன்னொருவருக்குத் தருவதாகச் சொல்ல வேண்டும். அவர் ஒப்புக்கொண்டால் இருவருக்கும் பணம், மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. சுத்தக் கணக்குப்படி ஒரு ரூபாய் கிடைத்தாலும் லாபம்தான். ஆனால் அதற்குப் பிறகு பல நாடுகளில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்ததில், ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே என்றால் அநேகர் வேண்டாம் என்று தள்ளிவிடுகிறார்கள். நம்மூர் ஆளிடம் இதைச் சோதித்துப் பார்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

தன்னோடு தானே ஆடிப் பழகிய நிரலுக்கு இந்த ரோஷம் தெரியாது. சதுரங்கத்தில் அது குறையாவதில்லை, ஏனென்றால் அங்கே ஒருவர் வெற்றி மற்றவர் தோல்வி, எதிராளி யாராக இருந்தாலும் நல்ல நகர்வு நல்ல நகர்வுதான். சேர்ந்து செய்யும் வேலையில் அப்படி இல்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 2019இல் ஒரு சமையலறை விளையாட்டில் இதைச் சோதித்தார்கள். இரண்டு நிரல்கள் சேர்ந்தால் பிரமாதமாகச் சமைத்தன. ஒன்றை எடுத்துவிட்டு மனிதரை நிறுத்தினால் ஆட்டம் சொதப்பியது. தன் கூட்டாளியும் தன்னைப் போலவே நகர்வார் என்று நிரல் நம்பிக்கொண்டிருந்தது.

இந்தச் சிக்கலை நேராகப் பிடித்தது மெட்டா நிறுவனம் 2022 நவம்பரில் வெளியிட்ட சிசரோ என்ற நிரல். டிப்ளமஸி என்ற பலகை விளையாட்டு அதன் களம். முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பா, ஏழு வல்லரசுகள், ஏழு ஆட்டக்காரர்கள். ஒவ்வொரு சுற்றிலும் தனித்தனியாகக் கூடிப் பேசிக் கூட்டணி போடலாம், பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் நகர்வுகளை எழுதிக் கொடுக்க வேண்டும். பேசியபடி நடக்க வேண்டும் என்று விதி கிடையாது.

சிசரோவுக்குள் இரண்டு பாகம். ஒன்று யோசிப்பது, ஒன்று பேசுவது. யோசிக்கும் பாகம் தனக்கு லாபமான நகர்வைத் தேடும். ஆனால் மனிதர் வழக்கமாக ஆடும் விதத்திலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு மதிப்பெண் கழியும். கெட்டிக்காரத்தனத்துக்குக் கட்டிய இந்தக் கயிறுதான் முக்கியமான கண்டுபிடிப்பு என்று நினைக்கிறேன். நான் இதைச் செய்கிறேன், நீ அதைச் செய்வாய் என்ற திட்டம் முடிவானதும் பேசும் பாகம் அதற்கேற்றபடி செய்தி எழுதும். இணையத்தில் 40 ஆட்டங்களில், 82 மனிதர்களுக்கு எதிராக ஆடி, அவர்களுடைய சராசரியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் புள்ளி எடுத்தது.

பெருமளவு நேர்மையாகப் பேசும்படி அதைச் செய்ததாகத் தயாரித்தவர்கள் சொன்னார்கள். 2024இல் வேறு ஆய்வாளர்கள் ஆட்டப் பதிவுகளைக் காட்டி, அது கூட்டாளியை ஏமாற்றியிருக்கிறது என்று எழுதினார்கள். சொல்லும்போது உண்மையாக இருந்த திட்டம் அடுத்த சுற்றில் மாறிவிட்டால், அதைப் பொய் என்பதா, மனமாற்றம் என்பதா? சந்தையில் முன்பணம் வாங்கிய பிறகு மாறினால் நாம் என்ன சொல்வோம் என்று யோசித்தால் எனக்கு விடை சுலபமாகத் தோன்றுகிறது. அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வு, சிசரோவின் வெற்றிக்குப் பேச்சைவிட நகர்வுத் திறமையே அதிகக் காரணம் என்றது.

கிடா பேரம் ஒரு நாளோடு முடிந்துவிடும். தாமிரபரணித் தண்ணீர் அப்படியில்லை. எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்களில் தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்துக்கும் அதே முகங்களைத்தான் பார்த்தாக வேண்டும். இந்த வருஷம் ஏமாற்றினால் அடுத்த வருஷம் தெரியும். இப்படித் திரும்பத் திரும்ப நடக்கும் உறவுகளில் நிரல் எப்படி நடந்துகொள்ளும் என்று 2018இல் கணினி ஆய்வாளர் ஜேக்கப் கிராண்டால் குழுவினர் பார்த்தார்கள். பேச்சே இல்லாமல் ஆடியபோது நிரலும் மனிதரும் ஒத்துப்போவது அபூர்வமாக இருந்தது. முன்கூட்டியே எழுதி வைத்த சில வாக்கியங்களை, அதாவது யோசனை, பாராட்டு, திட்டு போன்றவற்றைச் சொல்ல அனுமதித்ததும், மனிதரோடு மனிதர் சேர்வதற்கு ஈடாக நிரலோடும் மனிதர் சேர்ந்து ஆடினார்கள். அந்த நிரல் சொன்ன சொல்லை மீறவில்லை. மீறியவர்கள் மனிதர்கள்.

சாட்ஜிபிடி போன்ற இப்போதைய பெரிய மொழி மாதிரிகளுக்கு, அந்த ஃபேஸ்புக் நிரலின் பிடிவாதத்துக்கு நேர் எதிரான குறை ஒன்று உண்டு: கேட்பவரைத் திருப்திப்படுத்தியே பழகியவை அவை. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025இல் தன் அலுவலகத்தில் ஒரு சின்னக் கடையைத் தன் மொழி மாதிரியிடம் விட்டுப் பார்த்தது. ஊழியர்கள் பேசியே தள்ளுபடி வாங்கிவிட்டார்கள், சில பொருள்களை அது அடக்க விலைக்கும் கீழே விற்றது. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் அது அரை மணி நேரம் தாங்காது. வால்மார்ட் போன்ற நிறுவனங்கள் சிறு சப்ளையர்களோடு பேரம் பேச நிரலைப் பயன்படுத்தி வருவது வேறு மாதிரி. அங்கே எதை, எவ்வளவு வரை விட்டுக்கொடுக்கலாம் என்ற எல்லையை நிறுவனமே போட்டுத் தருகிறது. விவசாயி பக்கம் அப்படி ஒரு நிரல் இல்லாமல் வியாபாரி பக்கம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பது அறிவியல் கேள்வி அல்ல, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி.

கடைசியாக ஒரு சங்கடம். 2019இல் வெளிவந்த ஒரு சோதனையில், எதிரே இருப்பது மனிதர் என்று நினைத்தவரை நிரலோடு மக்கள் நன்றாகவே ஒத்துழைத்தார்கள். அது நிரல் என்று முன்பே சொன்னதும் ஒத்துழைப்பு குறைந்தது. சுற்றுச்சுற்றாக நிரல் ஒழுங்காக நடந்துகொண்டும் அந்த அவநம்பிக்கை போகவில்லை. மறைத்தால் வேலை நடக்கிறது, சொன்னால் கெடுகிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த சட்டமும் மனிதரோடு நேரடியாகப் பேசும் நிரல் தன்னை நிரல் என்று தெரிவிக்க வேண்டும் என்கிறது.