திடீரெனச் சிறுநீரகம் செயலிழந்தால்: காப்பீட்டு அட்டைக்காகக் காத்திருக்காதீர்கள்

கண்ணாடி விரியன் கடி, எலிக்காய்ச்சல், நிற்காத வாந்திபேதி, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, இதில் எது வந்தாலும் நன்றாக இருந்த சிறுநீரகம் ஓரிரு நாளில் படுத்துவிடலாம். காலத்தோடு டயாலிசிஸ் செய்தால் பலருக்குச் சில வாரத்தில் அது மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிடும். இப்படிப் பிழைக்க வேண்டியவர்களைத்தான் "அட்டை எடுத்துட்டு வாங்க" என்று அலைய விடுகிறார்கள், பார்க்கவே பொறுக்கவில்லை.

அரசு மருத்துவமனையில் அவசரமாகச் சேர எந்த அட்டையும் வேண்டாம். சிறுநீர் குறைந்தாலோ முகம், கால் வீங்கினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள், ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். டயாலிசிஸ் மிஷின்களில் பெரும்பாலும் வாரம் தவறாமல் வருகிற நோயாளிகள் இருப்பார்கள், அதனால் "காலி இல்லை, நாளைக்கு வாங்க" என்பார்கள். வீட்டுக்குப் போகாதீர்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதி வாங்கி, 108-லேயே அனுப்பச் சொல்லுங்கள்.

தனியாருக்குப் போனால்தான் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை முக்கியம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும், குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். பழைய 72,000 கணக்கைச் சொல்லி யாராவது திருப்பி அனுப்பினால் நகராதீர்கள்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ரேஷன் கார்டு. கல்யாணமாகி வந்த மருமகளின் பெயரைப் புகுந்த வீட்டுக் கார்டில் சேர்த்திருக்க மாட்டார்கள், பிரசவத்தில் சிக்கலாகி ஐசியுவில் கிடக்கும்போதுதான் அவள் பெயர் அட்டையிலும் இல்லை என்று தெரியவரும். இன்றைக்கே பாருங்கள். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள், மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும், ஓர் எழுத்து மாறினாலும் அலைய விடுவார்கள்.

அப்புறம், வாசலில் திட்டத்தின் பலகை தொங்குவதை மட்டும் பார்த்து உள்ளே போய்விடாதீர்கள். சில மருத்துவமனைகளுக்குச் சில சிகிச்சைகளுக்குத்தான் அனுமதி இருக்கும். "இந்த நோயாளிக்கு டயாலிசிஸ் திட்டத்தில் வருமா?" என்று காப்பீட்டுப் பிரிவில் நேராகக் கேளுங்கள், சிகிச்சைச் செலவுக்குத் திட்டத்தின் முன் அனுமதி கேட்டு அனுப்பிவிட்டார்களா என்று விடாமல் விசாரியுங்கள். இது பணமில்லாச் சிகிச்சை. முன்பணம் கட்டு, பிறகு திரும்ப வாங்கிக்கலாம் என்றால் நம்பிக் கட்டாதீர்கள், அங்கிருந்தே திட்டத்தின் இலவச உதவி எண் 1800 425 3993-க்குப் பேசுங்கள், யாரிடம் பேசினீர்கள், எத்தனை மணிக்கு என்று எழுதி வையுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆனதும் சும்மா இருந்துவிடாதீர்கள். மறுபடி கிரியேட்டினின் பார்க்கும் தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள், கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.