ஐந்தொகையும் பேரேடும்: ஆய்வுத் தரவைத் திறந்து வைப்பது ஏன்?

பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் நடத்திய கடைகளிலிருந்து, செட்டிநாட்டு ஊர்களில் இருந்த முதலாளிகளுக்கு ஐந்தொகை வந்துகொண்டிருந்தது. அன்றாட வரவு செலவு குறிப்பேட்டில் ஏறும். அங்கிருந்து அது ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். பேரேட்டின் நிலுவைகளைத் திரட்டிச் சில தாள்களில் காட்டுவது ஐந்தொகை. அதன் இரு பக்கமும் ஒத்து நின்றால் மட்டும் கணக்கு சரியென்று சொல்லிவிட முடியாது. ஒருவருக்குக் கொடுத்த கடனை வேறொருவர் பெயரில் பற்று எழுதியிருந்தாலும் கூட்டுத்தொகை ஒத்துத்தான் நிற்கும். அந்தப் பிழை பேரேட்டைத் திறந்தால்தான் கண்ணில் படும்.

ஆய்விதழில் வெளியாகும் கட்டுரையை நான் ஓர் ஐந்தொகையாகவே பார்க்கிறேன். சோதனைக்கூடத்தில் திரண்ட ஆயிரக்கணக்கான அளவீடுகள் அதில் நான்கைந்து படங்களாகவும் ஓரிரு அட்டவணைகளாகவும் சுருங்கிவிடுகின்றன. அதைத் தணிக்கை செய்யும் முறைக்குச் சக ஆய்வாளர் மதிப்பாய்வு என்று பெயர். இதழாசிரியர் முதலில் கட்டுரையைப் படித்துப் பார்த்து, அதே துறையில் உழைக்கும் இரண்டு அல்லது மூன்று பேருக்கு அனுப்புகிறார். அவர்கள் பெரும்பாலும் ஊதியமின்றி, பெயர் வெளியிடாமல், செய்முறை பொருத்தமானதா, முடிவு சான்றுக்கு மிஞ்சிப் போகிறதா என்று ஆராய்ந்து குறிப்பெழுதுகிறார்கள். எழுதியவர் அதற்கு விடை சொல்லித் திருத்துகிறார். அறிவியல் இதழ்கள் 1665 முதல் வந்துகொண்டிருந்தாலும், நேச்சர் இதழ் இம்முறையைக் கட்டாயமாக்கியது 1973இல்தான்.

இத்தணிக்கையாளர்களின் கைக்குப் பெரும்பாலும் வருவது ஐந்தொகை மட்டுமே. இதன் விளைவை 2020இல் உலகமே கண்டது. மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொரோனா நோயாளிகளுக்குத் தீங்கு செய்கிறது என்று, 671 மருத்துவமனைகளின் ஏறத்தாழ 96,000 நோயாளிகளுடைய பதிவுகளை ஆதாரமாகக் காட்டிய கட்டுரை ஒன்று மே 22 அன்று தி லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. உலக சுகாதார நிறுவனம் அம்மருந்தின் மீதான சோதனையைச் சில நாள்களிலேயே நிறுத்தி வைத்தது. எண்களில் ஐயம் எழுந்து, சுதந்திரமான தணிக்கைக்கு மூலப் பதிவுகள் கேட்கப்பட்டபோது, அவற்றை வைத்திருந்ததாகச் சொன்ன நிறுவனம் தர மறுத்தது. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மதிப்பாய்வில் தேறிய கட்டுரைதான் அது.

மூலத் தரவு என்னும் பேரேடு கைக்கு வந்தால் நிலைமை மாறிவிடுகிறது. நாட்டின் கடன், அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சரியும் என்று 2010இல் வெளியான ஒரு பொருளியல் ஆய்வு, பல அரசுகளின் சிக்கன நடவடிக்கைகளுக்குத் துணையாகக் காட்டப்பட்டது. மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் ஆய்வாளர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கும் வாய்பாட்டில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அதனுடன் வேறு குறைகளையும் சேர்த்துத் திருத்தியபோது, −0.1 விழுக்காடு என்றிருந்த சராசரி வளர்ச்சி 2.2 விழுக்காடாக மாறியது. கேட்டதும் கோப்பைக் கொடுத்த அந்த ஆய்வாளர்களையும் நான் மதிக்கிறேன்.

கட்டுரைகளைப் படிக்கும் வாய்ப்பு இப்போது சற்று விரிந்துள்ளது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிடும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 சனவரியில் தொடங்கியது. ஆனால் அதில் கிடைப்பது கட்டுரைகளைப் படிக்கும் உரிமை. அவற்றின் அடியில் உள்ள தரவு தனியாகச் சேமிக்கப்பட வேண்டும்.

காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் வேர்கொண்டு 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை, எங்கள் பகுதியில் சிக்ரி என்றால்தான் தெரியும். அங்கு ஆராயப்படும் மின்கலத்தையே எடுத்துக்கொள்வோம். பொதுவாக, ஓர் ஆய்வாளர் பத்துக் கலங்களைச் செய்து, ஒவ்வொன்றையும் நூற்றுக்கணக்கான முறை மின்னேற்றி இறக்கியிருந்தாலும், கட்டுரையின் படத்தில் ஒரு கலத்தின் வளைகோடு மட்டுமே இடம்பெறக்கூடும். மற்ற ஒன்பதும் எப்படி நடந்துகொண்டன என்பதே அதை மறுபடி செய்ய விரும்பும் இன்னொரு மாணவருக்குத் தேவையான செய்தி. ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு நிறுவனமான செர்ன் 2013 முதல் நடத்தும் ஸெனோடோ போன்ற களஞ்சியத்தில் கோப்புகளை ஏற்றினால், அவற்றுக்கு டிஓஐ என்னும் நிலையான அடையாள எண் கிடைக்கிறது. இணைய முகவரி மாறினாலும் அந்த எண் தரவிடம் கொண்டுசேர்க்கும். "கேட்டால் தருவோம்" என்ற வாக்குறுதி இதற்கு ஈடாகாது. 2 முதல் 22 ஆண்டுகள் வரை பழையதான 516 உயிரியல் கட்டுரைகளுக்கு உரிய தரவைத் தேடியவர்கள், கட்டுரைக்கு வயது ஏற ஏற, தரவு எஞ்சியிருப்பதற்கான சாதக விகிதம் (இருக்கும் வாய்ப்புக்கும் இல்லாமற்போகும் வாய்ப்புக்கும் உள்ள விகிதம்) ஆண்டுக்கு 17 விழுக்காடு குறைவதைக் கண்டார்கள்.

மின்கலச் சோதனையையாவது திரும்பச் செய்யலாம். சிக்ரியின் மண்டபம் நிலையத்தில் நடப்பதுபோல, கடற்காற்றில் எஃகுத் தகடுகளை வைத்து அரிப்பை அளக்கும் சோதனைகளில், போன ஆண்டின் காற்றையும் உப்பையும் மறுபடி வரவழைக்க வழியில்லை. அத்தகைய அளவீட்டைக் காக்க எடையிழப்பு எண்கள் மட்டும் போதா. எஃகின் கலவை, தகட்டின் பரப்பு, வைத்த நாள், எடுத்த நாள், கடலிலிருந்து தூரம், எடை போடுமுன் துருவை எந்தக் கரைசலில் நீக்கினார்கள் என்பவையும் அதே கோப்பில் இருந்தால்தான், இருபது ஆண்டு கழித்துத் திறப்பவருக்கு அந்த எண்கள் விளங்கும்.