தலைவர் கதிரையை விட்டு எழும்பினால்

வன்னியில் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி பார்க்கப் போனால் பந்தை விட்டுவிட்டுச் சனத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நடுவர் ஓஃப்சைட் என்று விசில் அடித்ததும் கயிற்றுக்குப் பின்னால் நிற்கும் பெடியள் கத்துவார்கள். ஆனால் மைதானத்துக்குள் இறங்குவதற்கு முன், பலரின் கண் விருந்தினர் கொட்டகைப் பக்கம் ஒருதரம் போய் வரும். கழகத் தலைவரோ, ஜேர்சி வாங்கித் தந்த அனுசரணையாளரோ கதிரையை விட்டு எழும்பிக் கையை ஓங்கினால், அப்புறம் கயிறு நிற்காது.

கூட்டம் சேர்ந்தால் புத்தி கெட்டுவிடும் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 1980இல் இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரில் நடந்த கலவரத்தை ஆராய்ந்த உளவியலாளர் ஸ்டீபன் ரைக்கர் கண்டது வேறு. எதைத் தாக்குவது, எதை விடுவது என்பதில் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஓர் ஒழுங்கு இருந்தது. கூட்டத்தில் நிற்பவர் மனதில் ஓடுவது ஒரே கேள்வி: ‘எங்கட ஆக்கள் இப்ப என்ன செய்வினம்?’ பதிலை, ‘எங்கட ஆள்’ என்று எல்லாரும் ஏற்றுக்கொண்ட ஒருவரிடம் தேடுகிறார்கள். வீரர் அடுத்த வருடம் வேறு கழகத்துக்குப் போகலாம். தலைவரும் உரிமையாளரும் நிலைத்து நிற்பவர்கள். அதனால்தான் வீரரின் கோபத்தைவிட அவர்களின் கோபம் பாரதூரமானது என்று நினைக்கிறேன்.

2018 மார்ச்சில் கிரேக்கத்தின் பாவோக் அணி கடைசி நேரத்தில் போட்ட கோல் செல்லாமல் போனது. உரிமையாளர் இவான் சவ்விடிஸ் இடுப்பில் துப்பாக்கியோடு மைதானத்துக்குள் இறங்கினார். அரசாங்கம் லீக்கையே இடைநிறுத்தியது. அவருக்கு மைதானங்களுக்குள் வர மூன்று வருடத் தடை விழுந்தது. அமெரிக்காவில் கரோலினா பாந்தர்ஸ் என்ற அமெரிக்கப் பாணி ஃபுட்போல் அணியின் உரிமையாளர் டேவிட் டெப்பர் 2023 டிசம்பர் 31 அன்று எதிரணி ரசிகர்கள் மேல் பானத்தை வீசினார். அபராதம் 3 லட்சம் டொலர்.

சரி, தண்டனை கொடுத்தால் போதுமா? உளவியலாளர் அல்பேர்ட் பண்டுரா 1965இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒருவர் பொம்மையை அடிக்கும் படம் காட்டினார். ஒரு குழு பார்த்த படத்தில் அடித்தவருக்குப் பரிசு, இன்னொன்றில் ஏச்சும் அடியும், மூன்றாவதில் ஒன்றுமே நடக்கவில்லை. ஏச்சு வாங்கியதைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால் ஒன்றும் நடக்காததைப் பார்த்தவர்கள், பரிசைப் பார்த்தவர்கள் அளவுக்கே அடித்தார்கள்! யாரும் கண்டிக்காதது அவர்களுக்கு அனுமதியாகவே பட்டது. பிறகு, பார்த்ததைச் செய்து காட்டினால் பழச்சாறு தருவதாகச் சொன்னபோது மூன்று குழுவும் ஒரே மாதிரிச் செய்து காட்டின. தண்டனையைப் பார்த்த பிள்ளைகளும் அடிக்கும் விதத்தைப் பழகித்தான் இருந்தார்கள். கையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் மைதானங்களில் கோட்டோரம் முதலில் இடம் பிடித்து இருப்பது சின்னப் பிள்ளைகள். நடுவரைத் தள்ளிய தலைவரைப் பற்றி ஏற்பாட்டுக் குழு வாயே திறக்காமல் அடுத்த ஆட்டத்தை அறிவித்தால், அவர்கள் பார்ப்பது அந்த மூன்றாவது படம். அதே மைக்கில், அதே சனத்துக்கு முன்னால், அன்றைக்கே கண்டிக்க வேண்டும். முறைப்பாடு இருந்தால் தலைவர் அதை ஆட்டம் முடிந்த பிறகு எழுதிக் கொடுக்கட்டும்.